சுவரில் ஓதம் ஏறினால் பெயிண்டரைக் கடைசியில் கூப்பிடுங்கள்

சேலத்தில் வீட்டுச் சுவர் ஊறிப் பெயிண்ட் உரிய ஆரம்பித்தால் முதல் போன் பெயிண்டருக்குத்தான் போகிறது. அவரும் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுரண்டிட்டு வாட்டர்ப்ரூஃப் ஒரு கோட் குடுத்தரலாங்க, ஒண்ணும் ஆவாது" என்பார். தீபாவளிக்கு அடித்தது பொங்கலுக்குள் பொரிந்து நிற்கும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டோம், அடித்துக் கொடுத்தார். சுவருக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறவரை மேலே எதைப் பூசினாலும் கழன்றுதான் வரும்.

வேலையின் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: தண்ணீர் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அதை நிறுத்துவது, கெட்ட பூச்சைக் கொத்தி எடுப்பது, சுவரைக் காயவிடுவது, திரும்பப் பூசுவது, மறுபடியும் காயவிடுவது, எல்லாம் முடிந்த பிறகு பெயிண்ட். முதல்முறை சொந்த வீட்டுக்குள் வந்தவர்கள், அப்பா கட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போதுதான் கைக்கு வந்தவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு, ஈரத் திட்டைத் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். அவரைக் கேட்காமல் சுவரில் உளி வைக்க வேண்டாம்.

முதலில் கரண்ட்

ஊறிய சுவரில் சுவிட்ச் போர்டோ பிளக் பாயின்ட்டோ இருந்தால் அந்த இடத்துக்குப் போகும் எம்சிபியை, அதாவது மெயின் பெட்டியில் இருக்கும் ட்ரிப் சுவிட்சை, இறக்கிவிடுங்கள். எந்த எம்சிபி என்று தெரியாவிட்டால் மெயினையே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது, ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே மெயினை நிறுத்திவிடுங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத பழைய வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஓத வேலையோடு அதையும் மாட்டிவிடுவது நல்லது.

ஒரு வீட்டில் ஹாலில் இருந்த சுவிட்ச் பெட்டிக்குக் கீழே மட்டும் ஈரம். சுற்றிலும் பாத்ரூம் இல்லை, குழாய் இல்லை. பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே வயர் வரும் பிவிசி குழாயின் வாயில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டி நிற்கிறது. மேல்மாடி பாத்ரூமில் கசிந்த தண்ணீர், கூரைக் காங்கிரீட்டுக்குள் போகும் வயர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அறை தாண்டி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. ஈரம் தெரிகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் சுவரை அவசரப்பட்டு உடைக்க மாட்டீர்கள்.

எங்கே ஊறுகிறது, எப்போது ஊறுகிறது

பென்சிலால் ஈரத் திட்டின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே சுருங்கியிருந்தால் எப்போதோ வந்து நின்றுவிட்டது. காசில்லாத சோதனை இது. ஆனால் எந்தக் கொத்தனாரும் இதைச் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து இடம். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ ஊறினால் ஷவர், கீசர், வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாய், இவற்றுக்குப் போகும் லைனைச் சந்தேகப்படுங்கள். அதே சுவரில் தரையை ஒட்டி ஒரு அடி மட்டும் ஊறினால் பாத்ரூம் தரை, டைல்ஸ் இடுக்கு, தண்ணீர் வெளியேறும் ட்ராப், இந்த மூன்றில் ஒன்று. கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கினால் மொட்டை மாடி. ஜன்னலுக்கு மேலே என்றால் சன்ஷேடில் தண்ணீர் தேங்கி உள்ளே வருகிறது. வாட்டம் வெளிப்பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் இருக்கும். ஏப்ரல் மாத வெயிலில் மழையே இல்லாதபோது ஏசிக்குக் கீழே ஊறினால் வேறெங்கும் தேட வேண்டாம், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும், அல்லது சுவருக்குள்ளேயே விட்டுப்போயிருக்கும்.

தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்துக்கு, சுவர் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டமாக ஊறி, மேல் ஓரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு தெரிந்தால் அது குழாய் கசிவு இல்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கிறது. குகை, செவ்வாய்ப்பேட்டை, அக்ரஹாரத் தெருக்களில் இருக்கும் பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத் தடுப்புப் பட்டை போடாமலே கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் தெருவில் தார் மேல் தாராகப் போட்டு ரோடு உயர்ந்துவிட, வீட்டுத் தரை பள்ளத்துக்குப் போயிருக்கும். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தெருக்களிலும், கன்னங்குறிச்சி மூக்கனேரி மாதிரி ஏரிகளை ஒட்டிய மனைகளிலும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது இது கூடும். இந்த வகை ஓதத்துக்கு வைத்தியம் வேறு. வெளியே சுவரை ஒட்டி மண் குவிந்திருந்தால் அகற்றி, தண்ணீர் தேங்காமல் சிமெண்ட் தளமும் வாட்டமும் கொடுப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் உள்பக்கம் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் வந்து எட்டிப் பார்க்கும்.

நேரமும் நிறையச் சொல்லும். சேலத்து வீடுகளில் இந்தக் குறிப்பு நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் நம் வீட்டில் எல்லா லைனிலும் எப்போதும் தண்ணீர் இருப்பதில்லை. மாநகராட்சி மேட்டூர்த் தண்ணீர் விடுகிற அன்றைக்கு மட்டும் சுவர் ஊறினால், தெருவிலிருந்து உங்கள் சம்ப் வரை வரும் லைனில் கோளாறு. மோட்டார் போட்டு அரை மணியில் ஈரம் கருத்தால், சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏறும் குழாய். தொட்டி நிரம்பி வழிகிற நாளில் மட்டும் என்றால் அதன் வழிவுக் குழாய் கைப்பிடிச் சுவர்மேல் ஊற்றிக்கொண்டிருக்கும். குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுநீர் வழி. எதற்கும் சம்பந்தமில்லாமல் இரவும் பகலும் ஒரே மாதிரி ஊறிக்கொண்டிருந்தால், மேல் தொட்டியிலிருந்து இறங்கும் லைன். அதில்தான் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது.

தொட்டி சொல்லும் கணக்கு

இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு, மேல் தொட்டிக்குள் டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உட்சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். இரவில் யாரும் தண்ணீர் புழங்கக் கூடாது. பாத்ரூமுக்கு ஒரு பக்கெட்டில் பிடித்துவைத்துவிடுங்கள். டாய்லெட் பிளஷ் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் காக் வால்வையும் மூட வேண்டும். அந்த மிதவை வால்வு ஒழுகினால் கணக்கே தப்பாகிவிடும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் லைனில் கசிவு உறுதி.

மேல் தொட்டிக்குக் கீழே சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று தனித்தனி கேட் வால்வு இருக்கும் வீடாக இருந்தால் அடுத்த இரவு ஒன்றை மட்டும் மூடிவைத்து மறுபடி பாருங்கள். எந்த வால்வை மூடினால் மட்டம் இறங்காமல் நிற்கிறதோ அந்த லைன்தான். சின்னக் கசிவு தொட்டியில் தெரியாதே என்று கேட்கலாம். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல் ஆகிறது. 1,000 லிட்டர் தொட்டியில் ஒரே இரவில் அது கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு சுவரை முழுக்க ஊற வைக்க அது தாராளம். அந்த மாதிரிச் சந்தேகத்துக்குப் பிளம்பரிடம் இருக்கும் கைப் பம்பை வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். லைனின் எல்லா வாயையும் அடைத்து, பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். முள் அசையாமல் நின்றால் அந்த லைன் சுத்தம், உடைக்கத் தேவையில்லை. டெஸ்ட் பம்ப் இல்லாமல் வந்து, "டைல்ஸெல்லாம் பேத்தாத்தாங்க தெரியும்" என்று சொல்பவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கழிவுநீர் வழியைச் சோதிப்பது வேறு மாதிரி. இரண்டு நாள் அந்தப் பாத்ரூமைப் பூட்டிவிட்டு ஈரம் வெளுக்கிறதா பாருங்கள். அப்புறம் ட்ராப் வாயில் துணியைச் சுருட்டி அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் வைத்திருங்கள். துணியில் சொட்டு நீலம் போடுவோமே, அதை அந்தத் தண்ணீரில் கலந்துவிட்டால் மறுபக்கம் பூச்சில் நீலம் தெரியலாம். தெரியாவிட்டால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை. செங்கல்லும் மணலும் நிறத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடும். கட்டிய தண்ணீரின் மட்டம் இறங்கியதா என்பதுதான் முக்கியம். மட்டம் அப்படியே நின்று சுவரும் காய்ந்தே இருந்தால் தரையின் மேல்பரப்பில் பிரச்சினை இல்லை. துணியை எடுத்துவிட்டு ஐந்தாறு பக்கெட் வேகமாக ஊற்றிப் பாருங்கள். இப்போது ஊறினால் ட்ராப்புக்குக் கீழே இருக்கும் குழாய்.

மொட்டை மாடிக்கும் இதே முறைதான். மழைநீர் வாயை அடைத்து, சந்தேகப்படும் பகுதியைச் சுற்றி மண்ணாலோ சிமெண்டாலோ சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலும் தளத்தின் நடுவில் ஓட்டை இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் விளிம்பில், தளத்தில் பதித்த தட்டு ஓட்டின் இடுக்கில், குழாய் இறங்கும் துளையைச் சுற்றி, இந்த மூன்று இடங்களைக் குனிந்து பாருங்கள்.

பொதுச் சுவர்

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் உங்கள் சுவர் ஊறுவதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பாத்ரூமாக இருக்கலாம். "உங்க வீட்டுத் தண்ணிதான் வருது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "அக்கா, எங்க ரூம் செவுரு ஊறுதுங்க, எங்கிருந்துன்னு தெரியல. ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்ல தண்ணி விடாம பாக்கலாங்களா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கையோடு அவரைக் கூட்டிவந்து பென்சில் கோட்டையும் தேதியையும் காட்டுங்கள். தறி ஓடும் வீடாக இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஊறிய சுவரை ஒட்டி வைத்த பாவும் நூலும் பூசணம் பிடித்தால் நஷ்டம் பெயிண்டோடு நிற்காது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கிடங்கு வைத்து வெல்லம், ஜவ்வரிசி அடுக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

உடைப்பதும் அடைப்பதும்

இடம் ஓரளவு தெரிந்துவிட்டால் கொஞ்சமாக உடையுங்கள். சிறிய உளியை வைத்து, மிக்ஸரைச் சுற்றியோ வளைவு இருக்கும் இடத்திலோ ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் நேர்க்குழாயில் இருக்காது, எல்போ என்கிற வளைவு, இரண்டு குழாயைச் சேர்க்கும் கப்ளர், பித்தளைத் திருகு சேரும் இடங்களில்தான் இருக்கும்.

அழகாபுரத்தில் ஒரு வீட்டில் இப்படி ஒரு டைல்ஸை எடுத்தபோது உள்ளே எல்போ காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. பிளம்பர் அதைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து அடியில் ஒட்டவைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வளைவின் உள்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு மினுங்கியது. கோட்டின் கீழ் முனையில் கடுகளவு நீர் திரண்டு, பருத்து, கழன்று காகிதத்தில் விழுந்து கறுப்பாகப் பரவியது. மறுபடியும் திரள ஆரம்பித்தது. இரண்டு அறைச் சுவர்களை நனைத்தது அந்தக் கோடுதான்.

சரி, அடைக்கும் விதம். எம்சீல் மாதிரிப் பசைகளை வைத்து மூடுவது ஒரு வாரத்துக்கான ஏற்பாடு, அவ்வளவுதான். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாயும் கப்ளரும் போட வேண்டும். சிபிவிசி குழாய்க்கு சிபிவிசி பசைதான், பிவிசி பசையை வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், டப்பாவை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒட்டிய உடனே தண்ணீர் திறக்கக் கூடாது. காய வேண்டிய நேரம் டப்பாவிலேயே போட்டிருக்கும். வெந்நீர் லைனுக்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

பழைய வீட்டில் சுவருக்குள் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால் என் யோசனை வேறு. போர் தண்ணீர் உப்பும் சேர்ந்து அது உள்ளிருந்து துருப்பிடித்து வந்திருக்கும். ஒரு ஓட்டையை அடைத்தால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அந்த லைனை மொத்தமாக அடைத்துவிட்டு, புதுக் குழாயை வெளிச்சுவர் மேலே கிளாம்ப் போட்டுக் கொண்டுவாருங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் கசிந்தால் தெருவில் போகிறவருக்கே தெரியும்.

குழாய்க்காகச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய இடத்தை அன்றைக்கே பூசி மூட விடாதீர்கள். தண்ணீர் ஓடவிட்டு இரண்டு நாள் திறந்தே இருக்கட்டும். மூடுவதற்கு முன் ஒரு டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி குழாயைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது சுவரில் சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

பாத்ரூம் தரைதான் காரணம் என்றால் முதலில் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் போட்டுப் பார்ப்பது சிக்கனம். அதிலும் நிற்காவிட்டால் ட்ராப்பைச் சுற்றி உடைத்துச் சரிசெய்ய வேண்டும். மேல்மாடி பாத்ரூம்களில் டைல்ஸுக்குக் கீழே பள்ளம் விட்டு செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். கசிந்த தண்ணீர் அந்த நிரப்பலில் தேங்கியிருக்கும். ஓட்டையை அடைத்த பிறகும் சில வாரங்களுக்குக் கீழே சொட்டலாம். அதைப் பார்த்துவிட்டு வேலை தப்பு என்று பிளம்பரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சொட்டு குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள்.

காயவிடுவது

இந்தப் பகுதியில் செய்ய வேலை அதிகமில்லை, பொறுத்திருப்பதுதான். அதனால்தான் தவறுகிறது.

சுவரை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. டொப்பென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது. டொப்பென்ற இடம் முழுவதையும், ஈரம் தெரிந்த ஓரத்திலிருந்து இன்னும் ஒரு அடி தள்ளியும், செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுத்துவிடுங்கள். மேலே பூச்சை வைத்துக்கொண்டு உள்ளே காய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயில் பெயிண்ட் அடித்த சுவரென்றால் சுத்தமாக மூச்சு முட்டிப்போய் இருக்கும்.

சுவர் தடிமனில் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் ஒன்பது அங்குலச் சுவர் ஒன்பது மாதம் இழுக்கும். சேலத்தில் மார்ச் முதல் மே வரை அடிக்கிற வெயிலுக்கு அவ்வளவு ஆகாது, இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் அக்டோபர், நவம்பரில் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் பொங்கலுக்குள் வெள்ளையடிக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. கசிவை இப்போதே அடையுங்கள், பூச்சை இப்போதே எடுங்கள், பூசுவதை மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த அறை அசிங்கமாகத்தான் இருக்கும். விருந்தாளி வந்தால் வரட்டும்.

ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். ஹாலஜன் விளக்கையோ ஹீட்டரையோ சுவரோரம் வைத்துச் சுட வைக்காதீர்கள். மேல்தோல் காய்ந்து உள்ஈரம் அப்படியே நிற்கும், வெடிப்பும் விடும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், சுவரைப் பார்க்கும் பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் வெளியேறுகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றிலிருந்து படிகிற ஈரம், சுவரைக் குறை சொல்லாதீர்கள்.

உப்பும் பூசணமும்

சுவர் காயக் காய வெள்ளையாகப் பொடி பூக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் வெளியேறும்போது தன்னோடு கரைத்துக் கொண்டுவந்த உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. நம் ஊர்ப் போர் தண்ணீரில் இதற்குக் குறைவே இல்லை. பக்கெட் விளிம்பில் படிகிற அதே வெள்ளைதான். ஈரத் துணியால் துடைத்தாலோ தண்ணீர் ஊற்றிக் கழுவினாலோ உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த தேங்காய் நார் பிரஷால் தேய்த்து, பொடியைக் கீழே விரித்த தாளில் பிடித்து வெளியே கொட்டுங்கள். பூக்கப் பூக்கத் தேய்க்க வேண்டும், பூப்பது நிற்கிற வரை. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் வருவார்கள். அது செங்கல் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்த்துத் தின்னும்.

இந்த உப்பை முழுக்க எடுக்காமல் பூசினால் இரண்டு தொல்லை. உப்பு மறுபடி படிகமாகும்போது புதுப் பூச்சைத் தள்ளிக் கழற்றும். காற்றில் ஈரம் கூடும் நாட்களில் அதுவே ஈரத்தை இழுத்து, கசிவு எதுவும் இல்லாமலே சுவரில் திட்டுத் தெரிய வைக்கும். "குழாய மாத்தியும் ஓதம் போகல" என்று சொல்லும் வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூசணம், உப்பு இல்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அதன் தூள் காற்றில் பறக்கும். மூக்கில் என்95 மாஸ்க், கையில் உறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். இளைப்பு, ஆஸ்துமா இருப்பவர்களையும் குழந்தைகளையும் அன்று அந்த அறைக்குள் விட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைப்பதென்றால் அதோடு ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு.

பூச்சு, பெயிண்ட்

செங்கல் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல், அரை அங்குலக் கனம். பூச்சுக்கென்று சலித்து வரும் பி-சாண்டையே கேளுங்கள். வாட்டர்ப்ரூஃப் திரவம் கலப்பதானால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான், கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலம் வராது. காடி வெட்டிய இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினால்தான் ஓரம் வெடிக்காது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் விளிம்பை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டால் பிசிறு தெரியாது. ஒரு வாரம் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். ஓதத்தை விரட்டிவிட்டு நாமே தண்ணீர் அடிப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். அடிக்கத்தான் வேண்டும், இது பூச்சோடு நிற்கிற ஈரம், சில வாரத்தில் போய்விடும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டுக்கு இந்தக் கலவை ஆகாது. சிமெண்ட் அதன் மேல் கெட்டியாக மூடிக்கொண்டு ஈரத்தை உள்ளே அடைக்கும், கொஞ்ச நாளில் பழைய காரையைப் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கிடைப்பது கஷ்டம்தான், கூலியும் கூடக் கேட்பார், கொடுக்கலாம்.

பூசி 28 நாளாவது போகட்டும். அதற்கு முன் பட்டி வைத்தால் பூச்சின் காரம் பெயிண்டைக் கடித்துத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அப்புறம் பிளாஸ்டிக் ஷீட் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு, இப்போது பெயிண்டரைக் கூப்பிடுங்கள். ஒரு கோட் பிரைமர், வெள்ளைச் சிமெண்டில் வரும் பட்டி, மறுபடி பிரைமர், இரண்டு கோட் சாதாரண எமல்ஷன். பிவிசி பேனல், வால் பேப்பர் இரண்டும் அந்தச் சுவருக்கு வேண்டாம். பின்னால் நடப்பது தெரியாமல் போய்விடும். பீரோவை நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஏற்காட்டு வீடுகளுக்குக் கொஞ்சம் தனியாக

இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே கணக்கே மாறிவிடுகிறது. அங்கே சுவர் ஈரமானால் குழாய்க் கசிவு என்று உடனே முடிவு கட்ட முடியாது. மூடுபனி நாட்களில் காற்றே தண்ணீராகத்தான் இருக்கிறது. குளிர்ந்த சுவரில், அதுவும் அலமாரிக்குப் பின்னால், கட்டிலை ஒட்டிய மூலையில் அது படிந்து பூசணம் பிடிக்கும். சேலத்து வழக்கப்படி நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்த மாதிரி ஆகும். பனி மூடியிருக்கும்போது சாத்திவையுங்கள், வெயில் ஏறியதும் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போடாமல் இருந்தாலே பாதி குறையும்.

சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மலைப்பக்கச் சுவர்தான் ஊறும். மழை பெய்து மலைக்குள் இறங்கிய தண்ணீர் அந்தச் சுவரைத்தான் முதலில் சந்திக்கிறது. உள்பக்கம் என்ன பூசினாலும் பின்னாலிருந்து அழுத்தும் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். வீட்டுக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் இடைவெளி விட்டு, வீட்டுத் தரை மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, தண்ணீரை இரண்டு ஓரமும் திருப்பிவிட வேண்டும். ஏற்கெனவே வாய்க்கால் இருந்தால் சில்வர் ஓக் சருகு அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேறும் துளைகள் மண்ணால் மூடியிருக்கும், கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஓட்டுக்கூரையில் நழுவிய ஓடு ஒன்று போதும் ஒரு சுவரைக் கெடுக்க.

ஏற்காட்டில் வீடு வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ யோசிக்கிறவர்கள் சீசன் நேரமான ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். அப்போது எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும், பெயிண்டும் புதிதாக அடித்திருப்பார்கள். நவம்பரில் ஒரு நடை போய், மலைப்பக்க அறையில் அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள்.